மருந்துக்குப் பழகிப்போவது உடம்பா, கிருமியா?

"இந்த மாத்திரையை எத்தனையோ தடவை சாப்பிட்டாச்சு. உடம்பு பழகிப்போச்சு, இனிமேல் கேட்காது." நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது எழும். என் அப்பா கடைசி மூன்று வருடங்கள் படுக்கையில் இருந்தார். அப்போது நானே இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. ஆன்டிபயாடிக்குக்குப் பழகுவது நம் உடம்பு இல்லை. உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாதான் பழகிப்போகிறது.

கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் வீட்டில் நாம் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இதை வைத்து மாறிவிடும். பழகுவது உடம்பு என்றால் அது அந்த ஒருவருடைய பிரச்சினை. அதிகம் மாத்திரை சாப்பிடாதவர் தப்பித்துக்கொள்ளலாம். பழகுவது கிருமி என்றால் அப்படி இல்லை. கிருமி கை வழியாக, துணி வழியாக, கதவுப்பிடி வழியாக அடுத்தவரிடம் போய்ச் சேரும். ஒரு ஆன்டிபயாடிக்கூடச் சாப்பிட்டிராத ஒருவருக்கு, பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குக்கூட, மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றலாம். அந்தக் குழந்தையின் உடம்பு எந்த மருந்துக்கும் பழகியிருக்காது. வந்து ஒட்டிய கிருமி முன்பே பழகியிருக்கும்.

நம் மொழியிலேயே இந்தக் குழப்பத்துக்கு ஒரு சொல் காரணமாக இருக்கிறது. "நோய் எதிர்ப்பு" நல்லது, அது நம் உடம்பின் பலம். "மருந்து எதிர்ப்பு" கெட்டது, அது கிருமியின் பலம். இரண்டிலும் "எதிர்ப்பு" இருப்பதால் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கிறது. இந்தக் கட்டுரையில் மருந்து எதிர்ப்பு என்று வரும் இடத்தில் எல்லாம் "மருந்துக்கு அடங்காத கிருமி" என்று மனதுக்குள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிபயாடிக் எதைத் தாக்குகிறது

பாக்டீரியா ஒற்றைச் செல் உயிர். அதைச் சுற்றிச் செல்சுவர் உண்டு, உள்ளே புரதம் தயாரிக்க ரைபோசோம் உண்டு. நம் செல்களுக்குச் செல்சுவர் கிடையாது. ரைபோசோம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் மருந்து வேலை செய்கிறது. பெனிசிலினும் அமாக்சிசிலினும் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கின்றன. சுவர் பலவீனமாகிக் கிருமி வெடித்துச் சாகிறது. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவை பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்குகின்றன. நம் செல்களுக்குப் பெரிய சேதம் இல்லாமல் கிருமியை மட்டும் கொல்ல முடிவது இப்படித்தான்.

வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து, நம் ரைபோசோமை வைத்தே தன் பிரதிகளைச் செய்துகொள்கிறது. ஆன்டிபயாடிக் தாக்குவதற்கு அதனிடம் எதுவுமே கிடையாது. மருந்தின் வீரியத்தைக் கூட்டினாலும் இது மாறாது.

சாதாரண சளியை உண்டாக்கும் வைரஸ்கள் மட்டும் 200க்கு மேல் இருக்கின்றன. ஃப்ளூ வைரஸ் காய்ச்சல். தொண்டை வலிகளில் பெரும்பகுதி வைரஸால் வருவது. சிறு குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் தண்ணீர்ப் பேதியும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். மலத்தில் ரத்தம் இருந்தால் மட்டும் விஷயம் வேறு, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் "இது பாக்டீரியாதான், ஆன்டிபயாடிக் வேண்டும்" என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த நிறம் நம்முடைய வெள்ளை அணுக்களிலிருந்து வருகிறது. வைரஸை எதிர்த்து அவை வேலை செய்யும்போதும் அதே நிறம்தான் வரும். நிறத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்படியென்றால் "மாத்திரை கொடுத்தேன், இரண்டே நாளில் சரியாகிவிட்டது" என்று இத்தனை பேர் சொல்வது எப்படி? இந்த நோய்களுக்கு இயல்பாகவே ஒரு காலக்கணக்கு உண்டு. தொண்டை வலி ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். சளி ஒன்றரை வாரம். இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும். மூன்று வாரம் என்றால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை, ஆனால் அதுதான் வழக்கமான கணக்கு. நாம் பொறுமை இழந்து மாத்திரையைத் தேடுவது பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது நாளில். உடம்பு தானாகவே தேறத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான். பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அடுத்த தடவை சளி பிடித்ததும் அதே மாத்திரை ஞாபகத்துக்கு வருகிறது.

கிருமி எப்படித் தப்பிக்கிறது

நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அதே வேகம் தடைப்படாமல் நீடித்தால் 10 மணி நேரத்தில் ஒன்று 107 கோடியாகும். ஒவ்வொரு பிரிதலிலும் மரபணுவை நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும்போது எங்கோ ஓரிடத்தில் எழுத்துப் பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் ஒரு பயனும் இல்லை. கோடிக்கணக்கில் ஏதோ ஒன்றில் விழும் பிழை மட்டும் தற்செயலாக மருந்திலிருந்து தப்பிக்கும் வழியாக அமைந்துவிடும்.

தப்பிக்கும் வழிகள் சில உண்டு. மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரப்பது ஒன்று. உள்ளே வந்த மருந்தை அப்படியே வெளியே இறைத்துவிடும் பம்பு வைத்திருப்பது இன்னொன்று. மருந்து போய் ஒட்டும் இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்வதும் உண்டு.

மருந்து இல்லாத நாளில் இந்தத் திறமையால் கிருமிக்குப் பெரிய லாபம் இல்லை. மற்ற கிருமிகளோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கும். ஆன்டிபயாடிக் உள்ளே போன நாளில் நிலைமை தலைகீழாகிறது. போட்டிக்கு இருந்தவை எல்லாம் செத்துப்போக, தப்பித்த ஒன்று காலியான இடம் முழுவதும் பெருகுகிறது. நாம் "பழகிப்போச்சு" என்று சொல்வது உண்மையில் இதைத்தான். எந்தக் கிருமியும் பாடம் படித்துத் தேறவில்லை. தப்பிக்கத் தெரியாதவற்றை நாமே அப்புறப்படுத்தித் தப்பிக்கத் தெரிந்தவற்றுக்கு இடம் விட்டுக் கொடுத்தோம்.

2016ல் ஹார்வர்டில் மைக்கேல் பேம், ராய் கிஷோனி ஆகியோரின் குழு இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்து காட்டியது. மேசை அளவுக்கு ஒரு பெரிய தட்டு. இரண்டு ஓரங்களில் மருந்தே இல்லை. நடுவை நோக்கிப் போகப் போக மருந்தின் அளவு பத்துப் பத்து மடங்காகக் கூடும். ஓரங்களில் ஈ.கோலையை விட்டார்கள். ஒவ்வொரு எல்லையிலும் கிருமிக் கூட்டம் சற்று நேரம் நிற்கும். பிறகு எங்கோ ஒரு புள்ளியில் ஒன்று தப்பித்து உள்ளே புகும், அதிலிருந்து விசிறிபோல் ஒரு புதுக் கூட்டம் விரியும். சாதாரணக் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் 1000 மடங்கு மருந்து இருந்த நடுப்பகுதிக்குள்ளும் சுமார் 11 நாட்களில் போய்விட்டன.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடக் கவலை தருவது. பாக்டீரியா தன் சந்ததிக்கு மட்டும் இந்தத் திறமையைத் தருவதில்லை, பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். பிளாஸ்மிட் என்று ஒரு சிறிய மரபணு வளையம் உண்டு. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு அது நேரடியாகக் கைமாறும். சில பிளாஸ்மிட்களில் நான்கைந்து மருந்துகளிலிருந்து தப்பிக்கும் மரபணுக்கள் ஒன்றாகவே இருக்கும். குடலில் நம்மோடு சண்டை சச்சரவு இல்லாமல் வாழும் சாதுவான பாக்டீரியாக்கள் கோடானுகோடி. தொண்டை வலிக்கென்று விழுங்கிய மாத்திரை தொண்டைக்கு மட்டும் போவதில்லை. குடலுக்கும் தோலுக்கும் போகிறது, அங்கே இருப்பவற்றிலும் அடங்காதவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. இப்படி வளர்ந்தவை ஒரு கோர்ஸுக்குப் பிறகு முதல் மாதத்தில் அதிகமாகவும், சிலரிடம் ஒரு வருடம் வரையிலும் நீடிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஒரு வருடத்துக்குள் அவருக்கு நிஜமாகவே ஒரு பாக்டீரியா தொற்று வந்தால், முதலில் கொடுக்கும் மருந்து வேலை செய்யாமல் போக வாய்ப்பு கூடுதல். வைரஸ் காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரை "கொடுத்தால் என்ன போச்சு" என்று விட்டுவிடக்கூடியது இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

மருந்து எதிர்ப்பு மனிதர்கள் உண்டாக்கிய ஒன்றும் இல்லை. 30,000 வருடம் பழமையான உறைநிலத்தில்கூட இந்த மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் ஒன்றை ஒன்று எதிர்க்கச் சுரந்தவைதான் பல ஆன்டிபயாடிக்குகளின் மூலம், அதனால் தற்காப்பும் கூடவே இருந்திருக்கிறது. நாம் செய்தது அதன் வேகத்தைக் கூட்டியதுதான். மெத்திசிலின் என்ற மருந்து 1959ல் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியை 1961லேயே இங்கிலாந்தில் கண்டார்கள்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945ல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சொன்னார். கணவனுக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறான். கிருமி சாகாமல் தேறிவிடுகிறது. அவனிடமிருந்து மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. அவளுக்குக் கொடுத்த பெனிசிலின் பலிக்காமல் அவள் இறந்துபோகிறாள். அவர் உதாரணத்துக்கு எடுத்த அந்தத் தொண்டைக் கிருமி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், இன்றுவரை பெனிசிலினுக்குக் கட்டுப்பட்டே இருக்கிறது. மற்றபடி அவர் பயந்தது நடந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை, ஒரு வீட்டைச் சொன்னார் என்பது எனக்கு மறக்கவே இல்லை.

2019ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றுகள் நேரடிக் காரணமாக இருந்த மரணங்கள் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் என்று 2022ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. இது தொண்டை வலியோடும் சளியோடும் நிற்கிற கணக்கு இல்லை. சிசேரியன், மூட்டு மாற்று அறுவை, கீமோதெரபி, குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுவது எல்லாமே பின்னால் ஒரு ஆன்டிபயாடிக் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன.

கோர்ஸை முடிப்பது பற்றி

"மாத்திரையை முழுசா முடிக்கணும், பாதியில் நிறுத்தினால் கிருமி பலமாகிவிடும்" என்று சொல்லித்தான் எல்லோரும் வளர்ந்தோம். இதில் கொஞ்சம் திருத்தம் வந்திருக்கிறது, தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் குடல் பாக்டீரியாக்களிடையே அடங்காதவற்றை வளர்க்கிறது. ஆகவே பல சாதாரணத் தொற்றுகளுக்கு முன்னைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று ஆய்வுகளுக்குப் பிறகு டாக்டர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். முன்பு பத்து நாள் கொடுத்த சில நோய்களுக்கு இப்போது ஐந்து நாள்தான். டாக்டர் மூன்று நாளைக்கு மட்டும் எழுதினால் "குறைச்சலாக எழுதிவிட்டாரே" என்று நாமாக நீட்ட வேண்டாம்.

அதற்காக, காய்ச்சல் விட்டதும் நாமே நிறுத்தலாம் என்று அர்த்தம் இல்லை. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பது பெரிதும் மாறும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம், அதைப் பாதியில் விடுவது நோயாளிக்கும் சுற்றி இருப்பவர்களுக்கும் நிஜமாகவே ஆபத்து. எலும்பிலும் இதய வால்விலும் வரும் தொற்றுகளுக்கு வாரக்கணக்கில் மருந்து போக வேண்டும். நன்றாகத் தேறியதுபோல் தெரிந்தாலோ, மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, டாக்டரைக் கூப்பிட்டு "நிறுத்தலாமா?" என்று கேளுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது தவறே இல்லை.

கொடுக்கும் முறை

தேவையான மருந்தைச் சரியாகக் கொடுப்பதும் இதே அக்கறையின் இன்னொரு பக்கம்தான். "ஒரு நாளைக்கு மூன்று வேளை" என்றால் சாப்பாட்டு வேளை மூன்று என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று கொடுத்தால் இரவு எட்டுக்கும் மறுநாள் காலை எட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு மணி நேர இடைவெளி விழுகிறது. அமாக்சிசிலின் வகை மருந்துகள் ரத்தத்தில் போதிய அளவில் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே வேலை செய்யும். கூடுமானவரை எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று வைத்தால் யாரும் நடுராத்திரியில் எழ வேண்டியதில்லை. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றைப் பாலோடு கொடுத்தால் பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரும் அளவு குறையும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஆன்டாசிட் வகை அசிடிட்டி மருந்து மூன்றுக்கும் இதே பொருந்தும். வயதானவர்களின் டப்பாவில் இவை எல்லாமே இருக்கும் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். எவ்வளவு நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்று மருந்து வாங்கும்போதே கேட்டு அட்டையின் மேல் எழுதி வைத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கான பொடி சிரப்பில், காய்ச்சி ஆறவைத்த நீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கிய பிறகும் நீர்மட்டம் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளில் தண்ணீரும் கடைசி நாளில் கெட்டியான மருந்துமாகப் போகும். வீட்டுக் கரண்டி வேண்டாம், கரண்டிக்குக் கரண்டி அளவு வேறு. உடன் வரும் மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். கரைத்த சிரப்புக்கு ஆயுள் சில நாட்கள்தான், லேபிளில் இருக்கும். மிச்சத்தைத் தம்பிக்கோ தங்கைக்கோ அடுத்த மாதம் கொடுப்பது கூடவே கூடாது. எடைக்குத் தகுந்து அளவு மாறும், நோயும் வேறாக இருக்கும்.

படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும்போது

இந்தப் பகுதியைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். எங்கள் வீட்டில் தேவையில்லாத ஆன்டிபயாடிக் அதிகம் போனது இங்கேதான்.

அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. பையில் சிறுநீர் கலங்கலாகத் தெரியும், ஒருநாள் வாடை கூடும். உடனே பயந்துபோய்ச் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுப்போம். "பாக்டீரியா வளர்ச்சி உண்டு" என்று ரிப்போர்ட் வரும். முன்பு எழுதிய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிவிடுவோம். ஒரே வருடத்தில் நான்கு தடவை இப்படிச் செய்தோம். அப்புறம் குழாய் மாற்ற வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காதான் உட்காரவைத்து விளக்கினார். "குழாய் இருக்கிற எல்லோருக்குமே யூரின்ல கிருமி இருக்கும்பா. ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை கொடுக்காதே. ஆளைப் பார்."

அவர் சொன்னதன் பின்னணி இது. குழாயின் உள்பக்கத்தில் பாக்டீரியாக்கள் வழவழப்பான ஒரு படலம் கட்டிக் குடியேறிவிடும். மாதம் ஒன்று தாண்டினால் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வளரும். அது குடியிருக்கும் கிருமி, நோய் உண்டாக்கும் கிருமி இல்லை. மருந்து கொடுத்தாலும் சில நாளில் திரும்பி வரும், வரும்போது அந்த மருந்துக்கு அடங்காததாக வரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப் பக்கத்திலோ அடிவயிற்றிலோ புதிதாக வலி, சிறுநீரில் ரத்தம் போன்ற அறிகுறிகள் இருந்தால்தான் தொற்று என்று யோசிக்க வேண்டும். குழாய் இல்லாத முதியவர்களுக்கும் இதே கணக்குதான். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருப்பதற்குச் சிகிச்சை தேவைப்படுவது கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யவிருப்பவர்களுக்கும், அப்படிச் சில நிலைகளில் மட்டும்தான்.

வாடையும் கலங்கலும் பெரும்பாலும் தண்ணீர் போதாததன் அடையாளம். அப்பாவுக்குத் தண்ணீரை டாக்டர் அனுமதித்த அளவுக்குக் கூட்டினோம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு, அதனால் கேட்டுக்கொண்டே செய்தோம். முதியவர் திடீரென்று குழம்பிப் பேசினாலும் "யூரின் இன்ஃபெக்ஷன்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, சர்க்கரை இறங்கியது என்று பல காரணங்கள் இருக்கலாம். டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் மருந்தின் பெயரை நாம் முடிவு செய்துகொண்டு போக வேண்டியதில்லை.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை நிஜமாகத் தேவைப்பட்டால், பையில் தேங்கிய சிறுநீரை அனுப்பக் கூடாது. மணிக்கணக்கில் அங்கே வளர்ந்த கிருமிகள்தான் ரிப்போர்ட்டில் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆன குழாய் என்றால் புதுக் குழாய் போட்டு அதிலிருந்து எடுப்பதே முறை. முடிந்தால் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும். ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ், ஆர் என்று போட்டிருக்கும். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. எஸ் போட்ட மருந்தில் எதையாவது நாமே வாங்கிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். தொற்று எந்த உறுப்பில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, வேறென்ன மருந்து போகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

படுக்கைப்புண்ணிலும் இதே கதைதான். திறந்த புண்ணின் மேல் பஞ்சை ஒற்றி எடுத்துப் பரிசோதித்தால் கிருமி வராமல் இருக்காது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா, தொட்டால் சுடுகிறதா, சீழ் கூடுகிறதா, வலி அதிகமா, காய்ச்சல் உண்டா என்பவைதான் கேள்விகள். இல்லை என்றால் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போடுவதும், ஆளைத் திருப்பிப் படுக்கவைத்து அழுத்தத்தைக் குறைப்பதும், புரதச்சத்துள்ள உணவும்தான் ஆற்றும். ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உள்ளே எவ்வளவு மருந்து போய்ச் சேர்கிறது என்று யாருக்கும் தெரியாது, அலர்ஜி உண்டாகலாம், அரைகுறை அளவில் கிருமிகளுக்கு அறிமுகமும் ஆகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

தொற்றே வராமல் தடுத்தால் மாத்திரைப் பேச்சுக்கே இடமில்லை. சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், ஆனால் தரையைத் தொடக் கூடாது. குழாயையும் பையையும் தேவையில்லாமல் பிரிக்காதீர்கள். குழாய் இன்னும் தேவையா என்று ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் கேளுங்கள். எடுத்துவிட முடிந்தால் அதைவிட நல்ல தடுப்பு இல்லை. தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவ வேண்டும். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் போடலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ வைரஸ் நோய்தான் என்றாலும் அதன் பின்னாலேயே பாக்டீரியா நிமோனியா வருவதுண்டு.

ஆன்டிபயாடிக் போகும்போதோ, முடிந்து சில வாரங்களுக்குள்ளோ நாளுக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் பேதி போனால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் சி.டிஃப் என்ற கிருமி பெருகியிருக்கலாம், முதியவர்களுக்கு இது கடுமையாகும். பேதியை நிறுத்தும் மாத்திரையை நாமாகக் கொடுக்கக் கூடாது. சி.டிஃப் கிருமியின் வித்துகளைக் கைகளில் தேய்க்கும் சானிடைசர் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்பது

"ஆன்டிபயாடிக் எழுதுங்க டாக்டர்" என்று நாம் கேட்பதும், எழுதாவிட்டால் முகம் சுளிப்பதும் அவருக்கு நெருக்கடி. அதற்குப் பதில், "இது பாக்டீரியாதானா? இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் ஆபத்து உண்டா? எதைப் பார்த்தால் உடனே வரணும்?" என்று கேட்கலாம். "வீரியமானதாக எழுதுங்க" என்பது இன்னொரு பழக்கம். பல வகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்து, ஒரு வகையை மட்டும் கொல்லும் மருந்தைவிடச் சிறந்தது என்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017லிருந்து ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: முதலில் எடுக்க வேண்டியவை, கவனித்து எடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. முதல் வகையில் குணமாகும் நோய்க்கு மூன்றாம் வகையைச் செலவழித்தால் பிறகு திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது.

பெனிசிலின் அலர்ஜி என்று ஃபைலில் எழுதியிருந்தால் அதையும் ஒருமுறை பேசுங்கள். அப்படி எழுதப்பட்டவர்களில் 10க்கு 9 பேருக்கு முறையாகச் சோதித்தால் அலர்ஜி இருப்பதில்லை. சிறு வயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு மருந்தின் பெயரில் பதிவாகியிருக்கலாம். அந்த ஒரு வரியால் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தேவைக்கு மேல் பல வகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளே போகும். சோதிப்பது டாக்டரின் வேலை, வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. மூச்சு வாங்குவது, எழுப்பினால் எழ முடியாத மயக்கம், திடீர்க் குழப்பம், கைகால் சில்லிட்டு நிறம் மாறுவது, பல மணி நேரமாகச் சிறுநீரே இல்லாதது, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், குழந்தை பால் குடிக்க மறுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். ரத்தத்தில் தொற்று பரவும் நிலையில் ஆன்டிபயாடிக் தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் அதைப் பத்திரப்படுத்துகிறோம்.

வீட்டு மருந்து டப்பாவை இன்றைக்குத் திறந்து பாருங்கள். மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்துக் கடையில் திரும்ப வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடோ பயன்படுத்திய டீத்தூளோடோ கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்டினால் அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதே பயிற்சி தொடங்கிவிடும்.

கடைசியாக, நர்ஸ் அக்கா எங்களுக்குப் பழக்கிய ஒரு நோட்டு. ஆன்டிபயாடிக் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எதற்காகக் கொடுத்தது, ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி, ஒத்துக்கொண்டதா, கல்ச்சர் ரிப்போர்ட் என்ன சொன்னது. அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது "சமீபத்தில் என்ன ஆன்டிபயாடிக் போனது?" என்றுதான், அந்தப் பதற்றத்தில் யாருக்கும் பெயர் ஞாபகம் வராது. எழுதக் கஷ்டமாக இருந்தால் காலி அட்டையையே அந்தப் பக்கத்தில் ஒட்டித் தேதியை மட்டும் போட்டு வையுங்கள்.